கூடையா, தகரமா

1

இப்போதெல்லாம் ஒன்றைத் தின்றவன் நன்றாயிருக்கிறது என்று சொல்வதில்லை. எதையோ மாதிரி இருக்கிறது என்கிறான். மாம்பழம் தேன் மாதிரி இருக்கிறதாம். தேன் கற்கண்டு மாதிரி இருக்கிறதாம். மொரப்பூர் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கிறவன் பாதி கிளாஸை வைத்துவிட்டு, பெங்களூர் டீ மாதிரி இல்லை என்று முகத்தைச் சுளிக்கிறான். பெங்களூர் டீ எப்படி இருக்கும் என்று கேட்டால் அதற்கும் ஒரு மாதிரி சொல்கிறான். மாம்பழம் மாம்பழம் மாதிரி இருந்ததா என்று கேட்கிற ஆளுக்குப் பைத்தியம் என்று பெயர்.

இதை எழுதுகிற மாயவனுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மொரப்பூரில் வாடகைக் கார் ஓட்டியவன். 'நான்' என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். 'நான்' என்று எழுதினால் சாட்சி சொல்கிற மாதிரி ஆகிவிடும். (பாருங்கள், அவனுக்கும் மாதிரி ஒட்டிக்கொண்டது.) இந்த விஷயத்தில் ஒரு தடவை சாட்சி சொன்னதே போதும். மாயவன் என்றே இருக்கட்டும்.

கதை ஒரு வார்த்தையிலிருந்து வந்தது. சீமெண்ணெய். எழுபத்திரண்டில் ஒரு பகல் வேளையில், இஞ்ஞாசி கார்டு வீட்டில், ஒரு பெரிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொன்னார். அந்த வார்த்தையில் ஒரு திராட்சைப் பந்தலின் உயிர் தொங்கிப்போயிற்று. இத்தனை வருஷம் கழித்தும் மாயவனுக்கு அது தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

2

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

மொரப்பூரில் ரயில் நின்றது. பெங்களூர்க்காரர்கள் மூவர் இறங்கினார்கள். மூவரின் மூக்கும் வானத்தைப் பார்த்து—

வேண்டாம். சாதாரண மூக்குதான். கேலி செய்வதற்காக இழுத்து நீட்டியாகிவிட்டது.

இரண்டாவது:

வெள்ளை ஒயின் என்பது வெள்ளையாக இருக்காது என்பதை வாசகர்கள் முதலில் தெரிந்துகொள்ள—

இது வாத்தியார் வேலை. அதுவும் வேண்டாம்.

மூன்றாவது சர்க்கார் சட்டத்தில் ஆரம்பிக்கிறது. இதுதான் நிற்கிறது. இஞ்ஞாசி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரிடம் ஒயின் போடக் கற்றுக்கொண்டவர். கிறிஸ்துமஸுக்கு வீட்டார் ஆளுக்கு ஒரு வாய் குடிக்க, அவ்வளவுதான் ஆசை. ஆனால் காலம் மதுவிலக்குக் காலம். போட்டதை எல்லாம் குடித்தால் பேச்சு வெளியே போய்விடும். கொட்டவோ மனம் வராது. ஆகவே கொஞ்சம் குடித்துவிட்டு, மிச்சப் பாட்டில்களைப் பின்கட்டு அறையில் மணலுக்குள் படுக்கவைத்துப் புதைத்தார். மேலே விறகை அடுக்கினார். வருஷா வருஷம் இதே வேலை.

எழுபத்தொன்றில் சர்க்கார் சாராயக் கடையைத் திறந்தது. இஞ்ஞாசி மணலைத் தோண்டினார். போலீஸுக்குப் பயந்து ஒளித்த சரக்கு, அதற்குள் பழைய ஒயின் என்ற மரியாதைக்கு வந்திருந்தது. பழைய வெள்ளை ஒயினைக் குடித்துப் பார்ப்பதற்கென்றே கூடுகிற கூட்டம் பெங்களூரில் இருப்பதாக அவர் சகலை சொன்னார். இஞ்ஞாசி அவர்களை வரச்சொல்லிவிட்டார்.

3

இப்போது தீர்த்தகிரி வரவேண்டும். அவன் இல்லாவிட்டால் இது மூக்குக்காரர்கள் கதையாகவே முடிந்துவிடும்.

இஞ்ஞாசியின் ஒயினுக்குத் திராட்சை கொடுத்தவன் தீர்த்தகிரி. கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, வெள்ளைத் திராட்சைப் பந்தல் போட்டவன். சுற்றிலும் கடலையும் மஞ்சளும் போடுகிறவர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'திராச்ச' என்றுதான் கூப்பிட்டார்கள். கிணறு அவனுக்கும் அண்ணன் அர்ச்சுனனுக்கும் பொது. தண்ணீர் இறங்க இறங்க அண்ணன் தம்பி பேச்சு ஏறிக்கொண்டே போனது. பந்தலைப் பிடுங்கிப் போட்டால் என் மஞ்சளாவது பிழைக்கும் என்பது அர்ச்சுனன் கட்சி. என் உயிரையே பிடுங்கிக்கொள் என்பது தீர்த்தகிரி கட்சி.

ஊர்க்கவுண்டர் வரை போய் ஒரு முடிவு ஏற்பட்டது. பெங்களூர்க்காரர்கள் வரட்டும். தீர்த்தகிரி திராட்சையில் போட்ட ஒயினைக் குடித்துப் பார்க்கட்டும். நல்ல சரக்கு என்றால் பந்தலுக்கு முறைத்தண்ணீர் உண்டு. ஆகாது என்றால் தீர்த்தகிரியே தன் கையால் கொடியை அறுக்க வேண்டும். இரண்டு பேரும் சம்மதித்தார்கள்.

மாயவனுக்கு இது அன்றைக்கே பிடிக்கவில்லை. கம்பைநல்லூர்க் கிணற்றுத் தண்ணீருக்குப் பெங்களூர்க்காரன் நாக்கு எப்படி ஜட்ஜாகும்?

(இந்த இடத்தில் தீர்த்தகிரி மனைவி பாஞ்சாலியைப் பற்றி நாலு வரி எழுதி அடித்தாகிவிட்டது. அழகி என்று வந்துவிட்டது. மாயவன் அதையெல்லாம் பார்த்ததில்லை. அவள் வாய்க்குப் பயந்தவன், அது மட்டும் நிஜம்.)

4

மாயவன் மூவரையும் ஸ்டேஷனிலிருந்து இஞ்ஞாசி வீட்டுக்கு அழைத்துப் போனான். தலைவர் கர்னல் மாதப்பா, குடகுக்காரர். கூட ஒரு காபி எஸ்டேட் அம்மாள், ஒரு பாங்க் அதிகாரி. வண்டியில் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்று கண்ணாடியை இறக்கச் சொன்னவர் கர்னல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையில் மேஜைமேல் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் வருஷம். தீர்த்தகிரி மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அர்ச்சுனன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான். மாயவனும் அங்கேதான்.

ஊற்றினார்கள். வெள்ளை ஒயின் ஆமணக்கெண்ணெய் நிறத்தில் இருந்தது. "வெள்ளைன்னாங்களே" என்றான் அர்ச்சுனன். பழைய வேட்டியும் இந்த நிறத்துக்குத்தான் வரும் என்றான் மாயவன்.

அவர்கள் கிளாஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். மூக்கை உள்ளே விட்டார்கள். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்தார்கள். பிறகு ஒரு பீங்கான் பேசினில் துப்பினார்கள்.

மாயவனுக்குத் தெரிந்த ஊர்களில் துப்புவதற்கு ஒரே அர்த்தம்தான். அது அவர்கள் வழக்கம், துப்பாவிட்டால் நாலாவது பாட்டிலில் ஆள் விழுந்துவிடுவார் என்று இஞ்ஞாசி வாசல் பக்கம் வந்து கிசுகிசுத்தார். அர்ச்சுனன் அதை ஏற்கவில்லை.

"நல்லாயிருந்தா உள்ள எறங்கும். நல்லால்லைன்னா வெளிய வரும். இதுல என்னாங்க வழக்கம்?"



ஒரு பாட்டில் வறுத்த பாதாம் மாதிரியாம். ஒன்று தேன்மெழுகு மாதிரியாம். ஒன்று மழையில் நனைந்த கல் மாதிரியாம். கல்லை எப்போது தின்று பார்த்தார்களோ. கடைசியில் அறுபத்திரண்டாம் வருஷத்துப் பாட்டில் வந்தது. கர்னல் மூக்கை விட்டவர் எடுக்கவே இல்லை.  தீர்த்தகிரி ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

கர்னலுக்குத் தமிழ் அரைகுறை. கண்ணை மூடிக்கொண்டு கன்னடத்தில் சொன்னார்: "சீமெ எண்ணெ."

கன்னடத்திலும் சீமெண்ணெய்க்குச் சீமெண்ணெய்தான். மொழி தெரியாத குழப்பம் என்று தப்பிக்க இங்கே வழியில்லை. அர்ச்சுனன் துண்டை ஒரு உதறு உதறினான். செருப்பை மாட்டினான். போய்விட்டான்.

அவன் கேட்டைத் தாண்டிய பிறகு கர்னல் கண்ணைத் திறந்து மிச்சத்தைச் சொன்னார்: "சீமெ எண்ணெ வாசனெ. பஹள சென்னாகிதெ."

ரொம்ப நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். பஸ் ஏறி பெங்களூர்ப் பக்கம் போய்வந்த எவனுக்கும் தெரிந்த வார்த்தை அது. அர்ச்சுனனுக்கும் தெரியும். ஆனால் அவன் ரோட்டில் இருந்தான்.

5

இங்கே கதை கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கர்னலை நம்பலாமா?

இஞ்ஞாசி விளக்கம் சொன்னார். சில வெள்ளை ஒயின்கள் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தால் அவற்றுக்குத் தானாகவே அந்த வாசம் வருமாம். எல்லாவற்றுக்கும் வராதாம். வந்தால் அதற்குத் தனி மதிப்பாம். அதை ஒரு தடவை மோந்து பார்ப்பதற்காக இந்த ஆட்கள் ஊர் ஊராக அலைவார்களாம்.

இருக்கலாம். மாயவன் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வண்டியில் அடித்த பெட்ரோலுக்குக் கண்ணாடியை இறக்கச் சொன்ன அதே மூக்குதான் கிளாஸில் அடித்த சீமெண்ணெய்க்குக் கண்ணை மூடியது. ஒரே மூக்குக்கு இரண்டு சட்டமா?

தன் கதையில் வருகிற ஆளைத் தானே நம்பாமல் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். நம்பாத ஆளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதுதானே அவன் பிழைப்பு.

6

கர்னல் தீர்த்தகிரியைப் பக்கத்தில் கூப்பிட்டார். திராட்சை இங்கே எதில் வந்தது என்று தமிழும் கன்னடமுமாகக் கேட்டார். கூடையா, டப்பாவா?

கேள்வி லேசானது இல்லை. தீர்த்தகிரி திராட்சையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மொரப்பூர் வருவான். ஆரம்பத்தில் மூங்கில் கூடை. வழியெல்லாம் சாறு ஒழுகும், ஈ மொய்க்கும். அப்புறம் மேல்பக்கம் வெட்டிய சதுரத் தகர டின்னுக்கு மாறினான். எந்த வருஷம் மாறினான் என்பதுதான் விஷயம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் சதுரத் தகரம் இருந்தால் அது பெரும்பாலும் சீமெண்ணெய் வந்த தகரம். தகரத்திலிருந்து ஒட்டிக்கொண்ட வாசம் என்றால் கர்னல் கண்ணை மூடியதற்கு மரியாதை இல்லை. அறுபத்திரண்டு பேசினுக்குப் போகும். பந்தல் அதன் பின்னாலேயே போகும்.*

தீர்த்தகிரி இஞ்ஞாசியைப் பார்த்தான், கர்னலைப் பார்த்தான்.

"கூடைங்க" என்றான். "எப்பவும் மூங்கிக் கூடைதானுங்க."

கர்னல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கொடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். இஞ்ஞாசி மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அந்த வீட்டில் கோழி அடித்தார்கள். மாயவனுக்கும் ஒரு தொடை கிடைத்தது.

*தர்மபுரி எண்ணெய்க்கடை நூர் பாஷாவை மாயவன் பின்னால் விசாரித்தான். தீர்த்தகிரி வாங்கிப்போன தகரம் தன் கடைத் தகரம் என்றும், அதில் வந்தது கடலை எண்ணெய் என்றும் பாஷா சொன்னார். எந்த வருஷம் என்று கேட்டால், "வருசத்தையெல்லாம் தகரத்துல எழுதியா குடுப்பாங்க?" என்றார். இது கதைக்கு உதவாது. ஆனால் மறைத்தால் தப்பு.

7

ஊரில் அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அர்ச்சுனன் எல்லாரையும் கிணற்று மேட்டுக்கு வரவழைத்துவிட்டான். துப்பினார்கள், சீமெண்ணெய் என்றார்கள், என் காதால் கேட்டேன் என்றான். அவன் சொன்னதில் பொய் ஒரு எழுத்து இல்லை.

இரண்டு பக்கமும் சேராத ஆள் என்று மாயவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சீமெண்ணெய் என்று சொன்னது நிஜம், ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொன்னதும் நிஜம் என்றான் மாயவன். கூட்டம் சிரித்தது.

ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "சீமெண்ணெ நல்லாருக்குதுன்னா, வெளக்குக்கு நல்லாருக்கும். வாய்க்கு எப்பிடிப்பா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். திராட்சைக்குள்ளேயே அந்த வாசம் இருந்தால் மண்ணிலேயே கோளாறு, அதற்குத் தண்ணீர் விடுவது தண்டம். வெளியிலிருந்து ஒட்டியது என்றால் திராட்சைமேல் குற்றம் இல்லை. "நீ சொல்லு தீர்த்தகிரி. கூடையில கொண்டுபோனியா, தகரத்துலயா?"

அதே கேள்வி. மொரப்பூரில் தகரம் என்றால் பந்தல் போயிருக்கும். இங்கே கூடை என்றால் பந்தல் போய்விடும்.

எழுதுகிறவன் இந்த இடத்தில் தீர்த்தகிரியின் நெஞ்சுக்குள் நுழைந்து, அங்கே என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும். ஒரு தாள் எழுதினான், கிழித்தான். வெளியிலிருந்து தெரிந்தது இவ்வளவுதான்: தீர்த்தகிரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான்.

"தகரந்தாங்க" என்றான். "சீமெண்ணெத் தகரம். சரியா கழுவல."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பாஞ்சாலி குரல் வந்தது. "அந்தத் தகரத்தக் கழுவுனது நானு. புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேச்சேன். சரியா கழுவலைன்னு எந்த வாயி சொல்லுது?"

கவுண்டரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் வழக்கு முடிந்தது. குற்றம் தகரத்துமேல், பந்தலுக்கு முறைத்தண்ணீர். அர்ச்சுனன் அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினான்.

மொரப்பூரில் தீர்த்தகிரி என்ன சொன்னான் என்று மாயவனை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிற வழக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குக் கிடையாது.

8

கிணற்று மேட்டுப் பேச்சு மொரப்பூருக்கு வர எத்தனை நேரம் ஆகும்? அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டது. இஞ்ஞாசியின் அறுபத்திரண்டு 'தகர ஒயின்' ஆயிற்று. கார்டு, கை விளக்குக்கு ஒரு சொட்டு ஊத்துங்க என்று ஸ்டேஷன் ஆட்கள் கேட்டார்கள். இஞ்ஞாசி வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். சந்தையில் ஒருநாள் தீர்த்தகிரியை மறித்துக் கேட்டார்.

"எங்கூட்டுல கூடைன்ன. கெணத்துகிட்ட தகரம்ன. உனக்கு எத்தினி வாயிடா?"

 இஞ்ஞாசி அவனிடம் திராட்சை வாங்குவதை விட்டார். ஒயின் போடுவதையும் விட்டார். பெங்களூர்க்காரர்கள் திரும்பி வரவில்லை. சர்க்கார் மறுபடி கடையை மூடியது. திராட்சை இப்போது பஸ் மேலே ஏறி தர்மபுரிக்குப் போகிறது. பாதி அங்கே போய்ச் சேரும்போது நசுங்கிவிடுகிறது.

9

முடிவு எழுத வேண்டும்.

ஒன்று. கூடை. அப்படியானால் கர்னல் சொன்னது நிஜம், இஞ்ஞாசியின் ஒயின் அபூர்வம். தீர்த்தகிரி பந்தலுக்காகத் தன் சிநேகிதனின் சரக்கை ஊர் முன்னால் நாற அடித்தான்.

இரண்டு. தகரம். அப்படியானால் கர்னல் ஒரு தகர டின்னுக்குக் கண்ணை மூடினார். இஞ்ஞாசி மணலில் இத்தனை காலம் ஒளித்தது வெறும்—

மூன்று. தகரமும் இருந்தது, வாசம் தானாகவும் வந்தது, எல்லாரும் பாதி நிஜம். இது யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டாத ஆள் எழுதுகிற முடிவு. அடித்தாகிவிட்டது.

முடிவை வாசிக்கிறவரிடமே விட்டுவிடலாம், அப்படி ஒரு முறை இருக்கிறது என்று பேப்பர் படிக்கிற ஒருவர் சொன்னார். மாயவனுக்கு உங்களை எப்படித் தெரியும்? நீங்களும் பெங்களூர் டீ கேட்கிற ஆளாக இருக்கலாம்.

10

ஆகவே மாயவன் போன மாசம் நேரிலேயே போனான். அவனாகப் போகவில்லை, இஞ்ஞாசி அனுப்பினார். மணலைக் கிளறியபோது அறுபத்திரண்டில் ஒரு பாட்டில் மிச்சம் அகப்பட்டிருக்கிறது. அதைத் திறந்து மோந்து பார்த்தால் போயிற்று என்றான் மாயவன். இஞ்ஞாசி தலையை ஆட்டினார். "அந்தப் பேச்சக் கேட்டதுலருந்து எதை மோந்தாலும் எனக்கு சீமெண்ணெதான் மாயவா. அவங்கிட்டப் போய் ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு வா. கூடைன்னா ஈஸ்டருக்கு எல்லாருமா உக்காந்து குடிக்கிறோம். தகரம்னா கொட்டிடறேன்."

பஸ்ஸில் போய்க் கம்பைநல்லூரில் இறங்கி நடந்தான். பந்தல் நிற்கிறது. கல்தூண் ஒன்று சாய்ந்து, அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேலே காய் தொங்கியது. தீர்த்தகிரி பந்தலுக்குக் கீழே வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தான். மாயவன் உட்காரக்கூட இல்லை, விஷயத்தைச் சொன்னான். ஒரு பாட்டில், கூடையா தகரமா.

தீர்த்தகிரி மண்வெட்டியை ஊன்றினான். "கார்டு நல்லாருக்காருங்களா?"

"அதை அவர் கேக்கச் சொல்லல."

நிரம்பிய பாத்தியை அடைத்து அடுத்ததற்குத் தண்ணீரைத் திருப்பினான். பிறகு சொன்னான்.

"கூடைன்னே சொல்லிடுங்கண்ணா."

கவனியுங்கள். கூடை என்று அவன் சொல்லவில்லை. கூடை என்று சொல்லச் சொன்னான். மொரப்பூரில் ஒன்று, கிணற்று மேட்டில் ஒன்று, இப்போது இது. மூன்று தடவையும் அந்தந்த இடத்துக்கு எது வேண்டுமோ அது வந்திருக்கிறது.

"சொல்லிடுங்கன்னா என்னா அர்த்தம்? கூடைதானா?"

"அவுரு குடிக்கட்டும்ண்ணா."

பாஞ்சாலி திராட்சை பறித்து வந்தாள். மாயவன் முதலில் பார்த்தது அவள் எதில் கொண்டுவருகிறாள் என்பதைத்தான். கூடையிலும் இல்லை, தகரத்திலும் இல்லை. முந்தானையில். அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"மோந்து பாத்துட்டே வாங்கிக்குங்க. அப்பறம் எம் பொடவையில எதுனா வாசன அடிக்குதுன்னு கெணத்துமேட்டுல போய்ச் சாட்சி சொல்லப்போறீங்க."

தகரத்தைக் கழுவியது நிஜமா என்று அவளையே கேட்டிருக்கலாம். வாய்க்குள் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முழுங்கிக்கொண்டான்.

ஒரு கொத்தை வாங்கிக்கொண்டு நடந்தான். மோந்து பார்த்தான். ஆயுசெல்லாம் கார்புரேட்டர் கழற்றிய கை. அவன் கையில் எது வந்தாலும் பெட்ரோல்தான் அடிக்கும். இது சாட்சிக்கு ஆகாது.

மொரப்பூர் பஸ் வர நேரம் இருந்தது. அதில் ஏறினால் இறங்குகிற இடத்திலிருந்து இஞ்ஞாசி வீடு கூப்பிடு தூரம். அவர் வாசலில் நிற்பார். என்ன சொல்வது என்பது மாயவன் கவலை, அதை உங்கள் தலையில் கட்டுவதாக இல்லை. எழுதுவதும் இத்தோடு சரி. ஒவ்வொரு பழமாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே ரோட்டைப் பார்த்து நடந்தான். திராட்சை திராட்சை மாதிரிதான் இருந்தது. கொட்டையைத் துப்பினான்.

கூடையாம்.